கடற்கரை இருட்டாக இருக்கட்டும்

கேள்வி: எங்கள் அடுக்குமாடிக் குடியிருப்பு திருவான்மியூர் கடற்கரையை ஒட்டி இருக்கிறது. திருட்டுப் பயத்தால் கடலை நோக்கிய மதில்மீது வெள்ளை எல்.ஈ.டி. விளக்குகள் பொருத்தினோம். அவற்றால் ஆமைக் குஞ்சுகள் சாகின்றன என்கிறார்கள். சில விளக்குகள் அவ்வளவு கேடு செய்யுமா?

பதில்: செய்யும். பங்குனி ஆமைகள் ஜனவரியிலிருந்து ஏப்ரல் வரை இரவில் சென்னைக் கரையேறி, மணலில் குழி பறித்து, ஒரு குழிக்கு ஏறத்தாழ நூறு முட்டைகள் இட்டு மூடிவிட்டுக் கடலுக்குத் திரும்பிவிடுகின்றன. சுமார் 45 முதல் 60 நாள்களில் பொரியும் குஞ்சுகள், மேல்மணலின் சூடு தணிந்த பிறகு, பெரும்பாலும் இரவிலேயே வெளியே வருகின்றன. வழிகாட்டத் தாய் இல்லாத அந்தக் குஞ்சுகள், அடிவானத்தில் எந்தப் பக்கம் வெளிச்சம் மிகுதியோ அந்தப் பக்கம் நகரும் இயல்போடு பிறக்கின்றன. விளக்கில்லாத கரையில் நிலவொளியும் விண்மீன் ஒளியும் படும் நீர்ப்பரப்பே நிலத்தைவிட வெளிச்சமாக இருப்பதால், அந்த இயல்பு அவற்றைத் தவறாமல் கடலில் சேர்த்துவந்தது. இன்று வெளிச்சம் நிலத்தின் பக்கம் இருக்கிறது. குஞ்சுகள் சாலையை நோக்கி ஊர்ந்து, நாய்களுக்கும் காக்கைகளுக்கும் இரையாகின்றன, வண்டிச் சக்கரத்தில் நசுங்குகின்றன, அல்லது விடிந்ததும் வெயிலில் காய்ந்து சாகின்றன. முட்டையிட வரும் தாய் ஆமையும் வெளிச்சத்தைக் கண்டால் கரையேறாமல் திரும்பிவிடக்கூடும்.

உங்கள் அச்சம் நியாயமானது. பாதுகாப்பைக் கைவிடுங்கள் என்று யாரும் சொல்லமாட்டார்கள். கடலைப் பார்க்கும் விளக்குகளை உள்பக்கம் திருப்பி, மேல்மூடி இட்டு, ஒளி தரையில் மட்டும் விழும்படி தாழ்த்துங்கள். ஆள் நடமாட்டம் தெரிந்தால் மட்டும் எரியும் விளக்கு திருடனையும் எச்சரிக்கும், மின்சாரமும் மிச்சமாகும். ஆமைகள் வெள்ளை, நீல ஒளியால் ஈர்க்கப்படும் அளவுக்குச் செம்மஞ்சள் ஒளியால் ஈர்க்கப்படுவதில்லை என்பதால், கட்டாயம் எரிய வேண்டிய இடத்தில் அந்த நிறத்தைத் தேர்ந்தெடுங்கள். கடலைப் பார்த்த பால்கனிகளில் இரவில் திரையை இழுத்துவிட்டாலே பாதி வேலை முடியும். இதை ஒரு வீடு மட்டும் செய்து பயனில்லை. குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் தீர்மானமாக நிறைவேற்றுங்கள்.

கேள்வி: காலை நடையின்போது வழிதவறிய ஆமைக் குஞ்சுகளைக் கண்டால் தண்ணீர் வாளியில் போட்டுக் கடலில் விடலாமா? (ஒரு வாசகி, பெசன்ட் நகர்)

பதில்: வாளித் தண்ணீர் வேண்டாம். குஞ்சு, உடலில் எஞ்சிய மஞ்சள்கருவின் வலிமையைக் கொண்டுதான் முதல் ஒரு நாள் ஓயாமல் நீந்தி ஆழ்கடலை அடைய வேண்டும். வாளியில் நீந்தினால் அந்த வலிமை அங்கேயே தீர்ந்துவிடும். ஈரமணல் பரப்பிய பெட்டியில் நிழலில் வைத்து, வனத்துறைக்கோ, 1988 முதல் இக்கரையில் இரவு நடை நடந்து முட்டைகளைக் காத்துவரும் மாணவர் கடல் ஆமைப் பாதுகாப்புக் குழுவினருக்கோ தெரிவியுங்கள். முட்டைக் குழியைக் கண்டாலும் நீங்களாகத் தோண்டாதீர்கள். இட்ட சில மணி நேரத்துக்குப் பின் முட்டையைப் புரட்டினால் உள்ளிருக்கும் கரு அழிந்துவிடும். மேலும், 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள இந்த ஆமையின் முட்டையை எடுப்பது சிறைத்தண்டனைக்குரிய குற்றம்.

கேள்வி: கரையில் இவ்வளவு செய்தும், செத்து ஒதுங்கும் பெரிய ஆமைகள் குறையவில்லையே?

பதில்: அதற்குக் காரணம் கடலில் இருக்கிறது. ஆமை நுரையீரலால் மூச்சுவிடும் உயிரினம். விசைப்படகின் இழுவலைக்குள் சிக்கினால் மேலே வர முடியாமல் மூச்சுத்திணறிச் சாகிறது. 2025 ஜனவரியில் சென்னைக் கரையில் நூற்றுக்கணக்கான ஆமைகள் இறந்து ஒதுங்கியதை அனைவரும் கண்டோம். தமிழ்நாட்டில் கரையிலிருந்து 5 கடல் மைலுக்குள் விசைப்படகுகள் மீன்பிடிக்கக் கூடாது. முட்டையிட வரும் ஆமைகள் கூடுவதும் கரையை ஒட்டிய அதே பகுதியில்தான். அந்த எல்லை மீறப்படும்போது ஆமைகள் மட்டுமல்ல, ஃபைபர் படகிலும் கட்டுமரத்திலும் செல்லும் சிறு மீனவர்களின் வலைகளும் பிழைப்பும் அழிகின்றன. ஆகவே மீனவர்கள் அனைவரையும் குற்றவாளியாக்கிப் பேசுவது தவறு. எல்லைக் கண்காணிப்பையும், ஆமை தப்பிச்செல்ல வழிவிடும் சாதனத்தை இழுவலைகளில் பொருத்துவதையும் அரசிடம் வலியுறுத்தும்போது, சிறு மீனவர்களையும் உடன் அழைத்துச் செல்லுங்கள்.