பழைய மடிக்கணினிக்குப் புதிய இயங்குதளம்: வாசகர் கேள்வி – பதில்

2025 ஒக்டோபர் 14 அன்று வின்டோஸ் 10க்கான வழமையான பாதுகாப்பு இற்றைப்படுத்தல்கள் நின்றுபோயின. பதிவுசெய்துகொண்டவர்களுக்கு ஓராண்டு நீடிப்பு அறிவிக்கப்பட்டிருந்தாலும், அதன் பின் இப்பகுதிக்கு வந்த கடிதங்களிற் பெரும்பாலானவை லினக்ஸுக்கு மாறுவது பற்றியே கேட்கின்றன. ஆகவே இம்முறை அவற்றுக்கு மட்டும் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: என்னிடம் இருப்பது, மகன் கனடாவிலிருந்து வந்தபோது தந்துவிட்டுப் போன 2016ஆம் ஆண்டு மடிக்கணினி. நினைவகம் 4 ஜீபி. வின்டோஸ் 11க்கு இது பொருந்தாது என்று திரையில் அறிவித்தல் வருகிறது. கடையிலே கேட்டால் புதிது வாங்கச் சொல்கிறார்கள். எங்கள் சனசமூக நிலையத்தின் கடிதங்கள், கூட்டக் குறிப்புகள், பிள்ளைகளுக்கான வினாத்தாள்கள் ஆகியவற்றையே நான் அதிற் செய்கிறேன். எல்லாமே பாமினி எழுத்துருவில் உள்ளன. லினக்ஸ் போட்டால் இவை திறக்குமா? இந்த வயதில் என்னாற் பழகிக்கொள்ள முடியுமா?
– ஓய்வுபெற்ற ஆசிரியை, மானிப்பாய்

பதில்: முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், அம்மா. உங்கள் கணினி பழுதடையவில்லை. வின்டோஸ் 11 தன்னை நிறுவுவதற்கு டிபிஎம் 2.0 எனும் பாதுகாப்பு வசதியையும், இன்டெல் செயலிகளானால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறையையோ அதற்குப் பிந்தியதையோ கேட்கிறது. 2016இல் விற்பனையான மடிக்கணினிகள் இந்த எல்லைக்கு முந்தியவை. கடிதம் எழுதவும் வினாத்தாள் அச்சிடவும் அந்தக் கணினிக்கு வலு இருக்கும்போது அதைக் கழித்துவிடுவது வீண்செலவு என்பதே என் கருத்து.

நம் பாடநூல்கள் பணிசெயல் முறைமை என்று குறிப்பிடும் இயங்குதளத்தில் வின்டோஸ் ஒரு வகை, லினக்ஸ் இன்னொரு வகை. 1983இல் ரிச்சர்ட் ஸ்டோல்மன் தொடங்கிய குனூ திட்டத்தின் கருவிகளும், 1991இல் ஹெல்சிங்கியில் மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கிய, இயங்குதளத்தின் மையப் பகுதியாகிய கருநிரலும் சேர்ந்து உருவானதே இன்றைய லினக்ஸ். அதன் மூலநிரல் எவரும் படிக்கவும் திருத்தவும் பகிரவும் திறந்திருக்கிறது. உங்களைப் போன்றவர்களுக்கு நான் பரிந்துரைப்பது லினக்ஸின் வகைகளுள் ஒன்றான லினக்ஸ் மின்ட், அதிலும் பழைய கணினிகளுக்கு இலகுவான எக்ஸ்எஃப்சிஈ பதிப்பு. அதன் 22ஆம் வெளியீட்டுக்கு 2029 வரை இற்றைப்படுத்தல்கள் உண்டு. 2 ஜீபி நினைவகத்திலும் ஓடும். 4 ஜீபி இருந்தால் வசதியாக ஓடும். கீழே பட்டியும் இடது மூலையில் தொடக்கப் பட்டியலும் இருப்பதால், பழகிய வீட்டில் தளபாடங்களை மட்டும் இடம் மாற்றி வைத்தது போலத்தான் தோன்றும். புதுக் கணினிக்கென ஒதுக்கிய பணத்தில் ஒரு சிறு பகுதியைச் செலவழித்துப் பழைய வன்றட்டை எடுத்துவிட்டு அதைவிட விரைவான சேமிப்பகமாகிய எஸ்எஸ்டி ஒன்றைப் பொருத்திக்கொண்டால், இயங்குதள மாற்றத்தை விட அதுவே வேகத்தைக் கூடுதலாக உணர்த்தும்.

இனி, உங்கள் உண்மையான கேள்வியாகிய பாமினிக்கு வருகிறேன். யாழ்ப்பாணத்தில் லினக்ஸுக்கு மாறிப் பின்வாங்கியவர்களில் நான் அறிந்த பலரைத் திருப்பி அனுப்பியது இயங்குதளம் அன்று; எழுத்துருவே. பாமினியில் உள்ள கோப்பு உண்மையில் தமிழ்க் கோப்பு அல்ல. 'தமிழ்' என்று நீங்கள் தட்டச்சு செய்யும்போது கணினி பதிந்துகொள்வது ஜே, கே, பி, ஓ என்ற ஆங்கிலச் சிற்றெழுத்துகளையும் ஓர் அரைப்புள்ளியையும் மட்டுமே. அவற்றின்மேல் தமிழ் உருவங்களைப் போர்த்திக் காட்டுவது பாமினி எழுத்துரு. எழுத்துரு இல்லாத கணினியில் அதே கோப்பைத் திறந்தால், கூட்டக் குறிப்பு முழுவதும் பொருளற்ற ஆங்கில எழுத்துகளாய்க் கிடக்கும். அதைக் கண்டு "லினக்ஸ் என் கோப்புகளை அழித்துவிட்டது" என்று பதறியவர்களை நான் பார்த்திருக்கிறேன். ஒன்றும் அழிவதில்லை. இப்போதுள்ள வின்டோஸின் எழுத்துருக் கோப்புறையிலிருந்து பாமினியைப் பிரதி எடுத்து வைத்து, மின்ட்டில் அந்தக் கோப்பை இருமுறை சொடுக்கி நிறுவிக்கொண்டால், இலவச அலுவலக மென்பொருளான லிப்ரே ஒஃபிஸில் உங்கள் பழைய கடிதங்கள் யாவும் தமிழாகத் தோன்றும்.

அதன்பின் இன்னொரு இடறல் வரும். வசனத்தின் முதலெழுத்தைத் தானாகவே பேரெழுத்தாக்கும் வசதி லிப்ரே ஒஃபிஸில் உண்டு. பாமினியில் சிற்றெழுத்து ஜே 'த' என்றால் பேரெழுத்து ஜே 'து' ஆகும். எனவே நீங்கள் 'தமிழ்' என்று தொடங்கிய வசனம் 'துமிழ்' என்று நிற்கும். தன்னியக்கத் திருத்த அமைப்பில் அந்த ஒரு தெரிவை நீக்கிவிட்டால் போதும். ஆனாலும், புதிதாக எழுதுபவற்றையாவது, தமிழைத் தமிழாகவே பதிந்துகொள்ளும் யுனிகோட்டில் எழுதத் தொடங்குமாறு உங்களிடம் மனதார வேண்டுகிறேன். பாமினியில் உள்ளதைத் தமிழிலே தேட முடியாது. வட்ஸ்அப்பில் ஒட்டினால் பெறுபவரால் வாசிக்க முடியாது. மின்ட்டின் மென்பொருள் மேலாளரில், தமிழ் தட்டச்சுக்கு உதவும் ஐபஸ் எம்17என் பொதியை நிறுவினால், தமிழ்99, ஒலியியல் ஆகியவற்றோடு, தட்டச்சுப்பொறி ஒழுங்கைத் தழுவிய ரெங்கநாதன் விசைப்பலகையும் கிடைக்கும். பாமினியில் விரல் பழகியவருக்கு அது அந்நியமாக இராது. லதா எழுத்துருவில் அமைத்த வினாத்தாள்கள் உங்களிடம் இருந்தால், அந்த எழுத்துரு வின்டோஸுக்கு உரியதாகையால் லினக்ஸ் வேறொன்றை இட்டு நிரப்பும். இரண்டு பக்கம் இரண்டேகாற் பக்கமாகலாம். அச்சிடுமுன் பார்த்துக்கொள்ளுங்கள்.

பழகுவதைப் பொறுத்தவரை, இயங்குதளத்தை மாற்றுமுன் மென்பொருளை மாற்றுங்கள். இப்போதுள்ள வின்டோஸிலேயே லிப்ரே ஒஃபிஸையும் ஃபயர்ஃபொக்ஸையும் நிறுவி ஒரு மாதம் அவற்றில் மட்டும் வேலை செய்யுங்கள். பின்னர் 8 ஜீபி பென் ட்ரைவ் ஒன்றில் மின்ட்டை ஏற்றி, வன்றட்டைத் தொடாமல் பென் ட்ரைவிலிருந்தே கணினியை இயக்கிப் பாருங்கள். வைஃபை பிடிக்கிறதா, அச்சுப்பொறி அச்சிடுகிறதா, ஒலி வருகிறதா என்று அப்போதே தெரிந்துவிடும். வைஃபை பிடிக்காவிட்டால் கைத்தொலைபேசியை யூஎஸ்பி வடத்தால் இணைத்து இணையத்தைப் பகிர்ந்துகொண்டு, தேவையான இயக்கியை, அதாவது வன்பொருளை இயங்கவைக்கும் நிரலை, இறக்கிக்கொள்ளலாம். நிறுவும் நாளுக்கு முன் கோப்புகள் அனைத்தையும் வெளி வன்றட்டு ஒன்றில் பிரதி எடுத்து, அந்தப் பிரதி வேறொரு கணினியில் திறக்கிறதா என்று பார்த்த பின்னரே 'நிறுவு' என்பதை அழுத்துங்கள். இதில் மட்டும் அவசரப்பட வேண்டாம்.

கேள்வி: உயர்தரத்தில் ஐசிடி படிக்கிறேன். வின்டோஸோடு, லினக்ஸின் இன்னொரு வகையான உபுண்டுவையும் நிறுவினேன். உபுண்டுவில் வேலை செய்துவிட்டுக் காலை 8 மணிக்கு வின்டோஸைத் திறந்தால் 2.30 என்று காட்டுகிறது. டி பகுதியிலுள்ள கோப்புகளை உபுண்டுவில் திறக்கலாம், ஆனால் சேமிக்க முடியவில்லை. வன்றட்டு பழுதா?
– மாணவர், பருத்தித்துறை

பதில்: பழுதில்லை, தம்பி. வித்தியாசம் சரியாக ஐந்தரை மணித்தியாலம் என்பதைக் கவனித்தீர்களா? கணினியின் வன்பொருட் கடிகாரத்தில் லினக்ஸ், இலங்கை நேரத்துக்கு ஐந்தரை மணித்தியாலம் பிந்திய உலகப் பொது நேரத்தை எழுதுகிறது. வின்டோஸோ அங்கே இருப்பது உள்ளூர் நேரம் என்று எடுத்துக்கொள்கிறது. லினக்ஸின் timedatectl கட்டளையால், கடிகாரத்தை உள்ளூர் நேரத்தில் வைக்குமாறு பணித்தால் இரண்டும் ஒத்துப்போகும். டி பகுதிப் பிரச்சினைக்குக் காரணம் பெரும்பாலும் வின்டோஸின் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்'. அது இயங்கும்போது வின்டோஸ் முழுதாக மூடப்படாமல் பாதி உறக்கத்தில் இருப்பதால், லினக்ஸ் பாதுகாப்புக் கருதி அப்பகுதியை வாசிப்புக்கு மட்டும் திறக்கிறது. மின்வலு அமைப்பில் அந்தத் தெரிவை நீக்கிவிடுங்கள். உங்கள் பாடத்திட்டத்திலுள்ள பைதன், பிஎச்பி, மைஎஸ்கியூஎல் மூன்றும் திறந்த மூல மென்பொருள்கள். உபுண்டுவில் சில நிமிடங்களில் நிறுவிப் பயிலலாம்.

கேள்வி: கொமினிகேசனும் அச்சு வேலையும் சேர்ந்த கடை நடத்துகிறேன். கலியாண அட்டை, மரண அறிவித்தல், நோட்டீஸ் எல்லாம் போட்டோஷொப்பிலும் பேஜ்மேக்கரிலும் செய்கிறோம். மூன்று கணினிகளிலும் உள்ளவை உரிமமில்லாத பிரதிகள். நேர்மையான வழிக்கு வர விரும்புகிறேன். மூன்றையும் ஒரேயடியாக லினக்ஸுக்கு மாற்றலாமா?
– கடை உரிமையாளர், சாவகச்சேரி

பதில்: உங்கள் எண்ணத்தை மதிக்கிறேன், ஐயா. ஆனால் மூன்றையும் ஒரேயடியாக மாற்றாதீர்கள். மரண அறிவித்தல் இரண்டு மணித்தியாலத்தில் வேண்டும் என்று ஒரு குடும்பம் வாசலில் நிற்கும்போது, புதிய மென்பொருளில் தடுமாறுவது அவர்களுக்கும் துன்பம், உங்களுக்கும் துன்பம்.

வாடிக்கையாளர் பென் ட்ரைவோடு வந்து அச்சிட்டும் ஸ்கேன் செய்தும் போகும் கணினியை முதலில் மாற்றுங்கள். வடிவமைப்புக்கான கணினிகளைப் பின்னுக்கு வையுங்கள். போட்டோஷொப் லினக்ஸுக்கென வெளியிடப்படுவதில்லை. அதற்கு ஈடான கிம்ப் உங்கள் பழைய கோப்புகளை அடுக்குகளோடு திறக்கும், ஆயினும் அவற்றிலுள்ள எழுத்துகள் படமாக மாறிவிடுவதால் பெயரையும் திகதியையும் மீண்டும் அடிக்க நேரும். பேஜ்மேக்கரின் இடத்துக்கு ஸ்கிரைபஸ் உண்டு. அச்சகம் கேட்கும் நான்கு வண்ணப் பிடிஎஃப் கோப்பை அது தரும். 2024இல் வெளியான 1.6 பதிப்பையோ அதற்குப் பிந்தியதையோ எடுங்கள். பழைய 1.4 பதிப்பில் யுனிகோட் தமிழின் கொம்புகள் தம் இடத்தில் நில்லாமல் எழுத்துக்குப் பின்னே ஒதுங்கிவிடும். புதிய வேலைகளை இவற்றில் தொடங்கி, ஆறு மாதத்தின் பின்னும் போட்டோஷொப் இல்லாமல் முடியாது என்று கண்டால், ஒரு கணினிக்கு மட்டும் உரிமம் வாங்குங்கள். அதுவும் நேர்மையான வழிதான்.

அச்சுப்பொறி விடயத்தில் மிகக் கவனம் தேவை. எச்பி அச்சுப்பொறிகள் பலவற்றுக்கு எச்பிலிப் என்ற இயக்கித் தொகுப்பு உள்ளது. எப்சன் தாங்கிவகை அச்சுப்பொறிகளுக்கு அந்நிறுவனமே லினக்ஸ் இயக்கிகளைத் தருகிறது. ஆனால் கணினியின் துணையின்றித் தானாக எதையும் செய்யாத மலிவான லேசர் அச்சுப்பொறிகள் சில, தயாரிப்பாளரின் தனி இயக்கியை நம்பியிருப்பவை. அவற்றோடு நான் இரண்டு நாட்கள் போராடித் தோற்றிருக்கிறேன். பென் ட்ரைவிலிருந்து கணினியை இயக்கி, ஒரு பக்கம் அச்சிட்டுப் பார்க்காமல் முடிவெடுக்க வேண்டாம்.

கேள்வி: லினக்ஸில் வைரஸ் வராது என்கிறார்களே, உண்மையா? பென் ட்ரைவில் இருந்த கோப்புறைகள் எல்லாம் குறுக்குவழிகளாக மாறிவிட்டன.
– வாசகி, கோண்டாவில்

பதில்: வரவே வராது என்பது மிகை. பரவலாகத் திரியும் தீநிரல்கள் பெரும்பாலும் வின்டோஸைக் குறிவைத்து எழுதப்பட்டவை என்பதால் லினக்ஸில் அவை ஓடுவதில்லை. ஆனால் உங்கள் கடவுச்சொல்லை நீங்களே ஒரு போலி வங்கித் தளத்தில் கொடுத்தால் எந்த இயங்குதளமும் காப்பாற்றாது. குறுக்குவழி வைரஸ் உங்கள் கோப்புறைகளை அழிப்பதில்லை. வின்டோஸின் மறைப்புக் குறியை இட்டு அவற்றை ஒளித்துவிட்டு, அதே பெயரில் போலிகளை வைக்கிறது. அந்த மறைப்புக் குறியை லினக்ஸ் பொருட்படுத்துவதில்லை. மின்ட் ஓடும் கணினியிற் செருகினால், போலிகளோடு உங்கள் உண்மையான கோப்புறைகளும் கண்முன்னே இருக்கும். போலிகளையும் நீங்கள் அறியாத பிற கோப்புகளையும் விட்டுவிட்டு உங்களுடையவற்றை மட்டும் பிரதி எடுத்துக்கொண்டு, பென் ட்ரைவை ஃபோர்மட் செய்யுங்கள். அது கடைசியாகச் செருகப்பட்ட வின்டோஸ் கணினி எதுவென்று நினைவிருந்தால், அதன் உரியவருக்கும் சொல்லிவிடுங்கள்.