புதுமண்டபத்து நண்பன் – கடிதம், பதில்

அன்புள்ள அண்ணனுக்கு,

உங்கள் பள்ளித் தோழருக்கு நீங்கள் எழுதிய அஞ்சலியைப் படித்தேன். நானும் அதே பள்ளிதான், உங்களுக்கு இரண்டு வருஷம் கீழே. எனக்குத் தெரிந்த அவர் கபடி டீமின் ரைடர். அவர் கோட்டைத் தாண்டிப் போனால் கிரவுண்டு ஓரத்தில் நாங்கள் எல்லாம் எழுந்து நின்றுவிடுவோம். உங்கள் கட்டுரையில் அதற்கு ஒரே ஒரு வரி. மற்றதெல்லாம் டயாலிசிஸ், ஊசி, தண்ணீர்க் கணக்கு. ஆஸ்பத்திரி கேஸ் ஷீட்டைப் படித்த மாதிரி இருந்தது. இறந்துபோன ஒருவரை அவர் நன்றாக இருந்த காலத்தோடு நினைப்பதுதானே முறை? எங்கள் செட் வாட்ஸ்ஆப் குழுவிலும் சிலர் இதையே சொன்னார்கள். தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டீர்கள் என்று நம்புகிறேன்.

ஒரு வாசகர், திருமங்கலம்

அன்புள்ள தம்பிக்கு,

தப்பாக எடுத்துக்கொள்ள இதில் என்ன இருக்கிறது. கபடிக்கு ஒரு வரிதான் கொடுத்தேன், தெரிந்தேதான் கொடுத்தேன். அவன் கபடி ஆடியது பள்ளியில் இரண்டு மூன்று வருஷம். அப்புறம் அவன் அப்பா அவனை மீனாட்சி கோயில் எதிரே இருக்கும் புதுமண்டபத்தில், தையல் கடையில், மெஷின் முன்னால் உட்கார வைத்துவிட்டார். சிறுநீரகம் செயலிழந்த பிறகு அவன் வாழ்ந்தது ஒன்பது வருஷத்துக்கு மேல். அந்த ஒன்பதைத் தூக்கி ஓரமாக வைத்துவிட்டு இந்த மூன்றை மட்டும் எழுதினால், அது நம்முடைய பள்ளிக்காலத்தைப் பற்றிய கட்டுரையாகப் போய்விடும். அவன் அதில் ஒரு பாத்திரம், அவ்வளவுதான்.

"நன்றாக இருந்த காலம்" என்கிறீர்கள். அவன் கெட்டிக்காரத்தனம் முழுசாக வெளியே வந்ததே நோய் வந்த பிறகுதான் என்பது என் எண்ணம். வாரத்துக்கு மூன்று நாள் டயாலிசிஸ், அதாவது ரத்தத்தை மெஷின் வழியாகச் சுத்தம் செய்வது. ஒரு தடவைக்கு நாலு மணி நேரம், இரண்டு தடித்த ஊசிகள். முடிந்த அன்றைக்குக் கெண்டைக்கால் இழுக்கும், பிரஷர் இறங்கும், தையல் மெஷினில் உட்கார முடியாது. அதனால் டயாலிசிஸ் நாளில் வீட்டில் படுத்துக்கொண்டு கணக்குப் பார்ப்பான், மறுநாள் காலையில் துணி வெட்டுவான், அடுத்து தையல். ஒரு ஆர்டரும் தவணை தப்பியதில்லை என்று பக்கத்துக் கடைக்காரர்கள் சொல்கிறார்கள். இடது கையில் ஃபிஸ்டுலா. டயாலிசிஸ் ஊசி குத்துவதற்காகத் தமனியையும் சிரையையும் இணைத்துத் தைத்து வைப்பது அது. அந்தக் கையில் கனமான எதையும் தூக்கக் கூடாது, பிரஷர்கூடப் பார்க்கக் கூடாது. துணிப் பொதியையும் இஸ்திரிப் பெட்டியையும் வலது கையாலேயே சமாளிக்கப் பழகிக்கொண்டான். ஃபிஸ்டுலா மேல் விரலை வைத்தால் உள்ளே ரத்தம் அதிர்ந்து ஓடுவது தெரியும். டயாலிசிஸுக்குப் புதிதாக வந்து ஊசியைப் பார்த்துப் பயந்து நிற்கிறவர்களின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்து, "தொட்டுப் பாருங்க, கரண்டு ஓடுது. இது ஓடுற வரைக்கும் நமக்கு ஒண்ணும் ஆகாது" என்பான். இதை எனக்குச் சொன்னது அங்கே வேலை பார்க்கும் ஒரு டெக்னீஷியன்.

தண்ணீர்க் கணக்கை நீட்டி எழுதியதற்கும் காரணம் உண்டு. சிறுநீர் சுத்தமாக நின்றுவிட்டால் குடிக்கிற தண்ணீர் உடம்பிலேயேதான் கிடக்கும். ஒரு லிட்டர் குடித்தால் எடையில் ஒரு கிலோ ஏறும். மிஞ்சினால் நுரையீரலில் நீர் கோக்கும், ராத்திரி படுக்க முடியாது. அவனுக்கு ஒரு நாளைக்கு முக்கால் லிட்டர்தான். ரசம், மோர், காபி எல்லாம் அதற்குள் அடக்கம். இளநீரும் வாழைப்பழமும் அறவே கூடாது. அவற்றில் இருக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் ஏறினால் இதயமே நின்றுபோகலாம். காய்கறியை வேகவைத்து அந்தத் தண்ணீரைக் கொட்டிவிட்டுத்தான் அவன் மனைவி சமைப்பார்.

இப்படிப்பட்டவன் செய்த தொழில் என்ன தெரியுமா? சித்திரைத் திருவிழாவில் வைகையில் இறங்க வரும் அழகருக்குத் தண்ணீர் பீய்ச்சுகிறவர்களுக்கு உடை தைப்பது. மதுரைக்காரரான உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை. பங்குனி பிறந்தாலே நேர்த்திக்கடன்காரர்கள் கள்ளழகர் வேடத்துக்கு அளவு கொடுக்க வந்துவிடுவார்கள். தோளில் மாட்டும் ஆட்டுத்தோல் பையைக் காட்டி, "இது எத்தனை லிட்டர் பிடிக்கும்ணே?" என்று விசாரிப்பான். அவர்கள் பதில் சொன்னதும், "என் ஒரு வாரக் கோட்டாவை ஒரே நாள்ல பீய்ச்சிருவீங்களே!" என்பான். வெளியே தெருவுக்குத் தெரு நீர்மோர்ப் பந்தல், பானகப் பந்தல். கூப்பிட்டுக் கூப்பிட்டுக் கொடுப்பார்கள். வாங்கிப் பக்கத்தில் நிற்கும் சின்னப் பையன் கையில் கொடுத்துவிட்டு நடப்பான். நான் கூடவே போயிருக்கிறேன். அவன் முகத்தில் தியாகம் மாதிரி எதையும் பார்க்கவில்லை. கொஞ்சம் எரிச்சல்தான் இருக்கும், வெயிலில் யாருக்கும் வருகிற எரிச்சல்.

கொரோனாவால் 2020இலும் 2021இலும் அழகர் வைகையில் இறங்கவில்லை. புதுமண்டபத்துத் தையல்காரர்களுக்கு அந்த இரண்டு சித்திரையும் வருமானம் கிடையாது. டயாலிசிஸுக்கு ஏது லீவு? முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்ததால் சிகிச்சைக்குப் பணம் கட்ட வேண்டியிருக்கவில்லை, ஆனால் போய்வரும் ஆட்டோவுக்கும் வீட்டுச் சாப்பாட்டுக்கும் வேண்டுமே. முகக்கவசம் தைத்தான். மனைவி தன் சிறுநீரகத்தைக் கொடுக்க முன்வந்தார், அவருக்குச் சர்க்கரை இருந்ததால் டாக்டர்கள் ஒத்துக்கொள்ளவில்லை. மூளைச்சாவு அடைந்தவர்களிடமிருந்து உறுப்பு பெறும் அரசுப் பட்டியலில் பதிந்து காத்திருந்தான். அந்தப் போன் வரவேயில்லை. இதைப் பற்றி அதிகம் பேச மாட்டான், நானும் கிளறியதில்லை.

எங்கள் செட் வைத்த கண்ணீர் அஞ்சலி பிளக்ஸில் "நோயை எதிர்த்துப் போராடிய மாவீரன்" என்று போட்டிருந்தார்கள். மதுரையில் மாவீரன் ஆகாமல் யாரும் பிளக்ஸில் ஏற முடியாது, அது வேறு விஷயம். அவன் பார்த்திருந்தால் போட்டோவில் சட்டைக் காலர் ஒரு பக்கம் மடங்கிக் கிடப்பதைத்தான் முதலில் சொல்லியிருப்பான். போராளி என்ற பட்டத்தில் எனக்கு இருக்கும் சங்கடம், அதற்குள் அந்த ஆட்டோக் காசும் கொட்டிய காய்கறித் தண்ணீரும் வராது என்பதுதான். அவன் மனைவியும் வரமாட்டார்.

சரி, கபடிக்கு வருகிறேன். நான் கிரவுண்டு பக்கம் ஒதுங்காதவன், என்னால் அதற்குமேல் எழுத முடியாது. நீங்கள் பார்த்தவர். அவன் மகள் இப்போது கல்லூரியில் படிக்கிறாள். டயாலிசிஸ் தொடங்கியபோது சின்னப் பெண். அப்பா ஓடி அவள் பார்த்ததில்லை. கபடி ஆடினார் என்று யாரோ சொல்லக் கேட்டிருக்கிறாள், அவ்வளவுதான். அவர் எந்தப் பக்கமாகப் பாய்வார், யாரை அவுட்டாக்கினார், எப்படித் தப்பித்து வருவார், எல்லாம் உங்களுக்கு நினைவிருக்கிறது. அதை வாட்ஸ்ஆப் குழுவில் போடாதீர்கள். நேரே போய் அவளிடம் சொல்லுங்கள். புதுமண்டபத்துக் கடைகளை மாற்றிவிட்டார்கள், குன்னத்தூர் சத்திரத்தில் வந்து விசாரித்தால் காட்டுவார்கள். மனைவியும் மச்சினனும் கடையைப் பார்த்துக்கொள்கிறார்கள், சாயங்காலம் மகளும் வந்து உட்காருவாள். பங்குனி, சித்திரையில் மட்டும் போகாதீர்கள், உட்கார்ந்து பேச அவர்களுக்கு நேரம் இருக்காது.