லேடி பி குட் – ஒரு கடிதம்

அன்புள்ள ஐயா,

போர்க்கால விமானங்கள் பற்றிய உங்கள் கட்டுரையில், லிபியப் பாலைவனத்தில் தொலைந்துபோன ‘லேடி பி குட்’ என்ற அமெரிக்கக் குண்டுவீச்சு விமானத்துக்கு ஒரே ஒரு பத்திதான் இருந்தது. தேடிப் படித்தேன். மனம் ஆறவில்லை. முதல் பயணத்திலேயே ஒன்பது பேரும் போய்விட்டார்கள். குதித்த இடத்திலிருந்து தெற்கே நடந்திருந்தால் விமானமே கிடைத்திருக்கும், அதில் தண்ணீரும் இருந்தது என்கிறார்கள். ஏன் வடக்கே போனார்கள்? வழி சொல்ல வேண்டியவருக்குத் திசைகூடவா தெரியாது?

ம.,
திண்டுக்கல்

அன்புள்ள ம.,

ஒரு பத்தியில் முடித்தது என் தவறுதான். உங்கள் கோபம் புரிகிறது. ஆனால் அது போய் விழுகிற இடம் சரியில்லை.

அந்தக் குழு லிபியாவுக்கு வந்ததே 1943 மார்ச்சில்தான். அந்த பி-24 விமானமும் அதே மாதம் வந்தது. ஏப்ரல் 4 பிற்பகல், லிபியக் கடற்கரை நகரான பெங்காசிக்குத் தெற்கே உள்ள சோலுக் தளத்திலிருந்து, கடலுக்கு அப்பால் இத்தாலியில் உள்ள நேப்பிள்ஸ் துறைமுகத்தைத் தாக்க 25 விமானங்கள் கிளம்பின. மணற்புயலில் கடைசியாக ஏறியவற்றில் இதுவும் ஒன்று. போய்ச் சேர்வதற்குள் இருட்டிவிட்டது. குண்டுகளைக் கடலில் போட்டுவிட்டுத் தனியாகத் திரும்பினார்கள்.

நள்ளிரவு தாண்டியதும் விமானி ஹாட்டன் ரேடியோவில் திசை கேட்டார். தரையில் இருந்தது ஒற்றை வளைய ஆன்டெனா. சிக்னல் எந்தக் கோட்டில் வருகிறது என்பதை அது காட்டும். அந்தக் கோட்டில் முன்னாலிருந்து வருகிறதா, பின்னாலிருந்து வருகிறதா என்பதைக் காட்டாது. விமானம் அதற்குள் தளத்தைத் தாண்டிப் பாலைவனத்துக்குள் போய்விட்டிருந்தது. தரையில் இருந்தவர்கள் அது இன்னும் கடல்மேல் வருவதாக எண்ணி 330 பாகை, அதாவது தங்களுக்கு வடமேற்கே கடல் பக்கம் இருக்கிறது என்று சொன்னார்கள். பரவலாகச் சொல்லப்படும் விளக்கம் இதுதான். மேலே இருந்தவர்களும் அதே பதிலைத்தான் எதிர்பார்த்திருந்தார்கள். இருட்டில் கீழே கிடப்பது கடலா மணலா என்று எந்தக் கண்ணுக்குத் தெரியும்?

எரிபொருள் தீரும் நேரம், அதிகாலை இரண்டு மணிவாக்கில் குதித்தார்கள். ஆளில்லாத விமானம் மேலும் 26 கிலோமீட்டர் தெற்கே போய், மணலில் வயிறு உரசி, பெரிதாக நொறுங்காமல் இறங்கியது. அது குதித்தவர்களுக்கு எப்படித் தெரியும்? தளத்திலிருந்து 600 கிலோமீட்டருக்கும் மேல் உள்ளே இருந்தார்கள். கடற்கரை பக்கம்தான் என்று நம்பினார்கள். தளம் வடமேற்கே. அந்தத் திசையில் நடந்தார்கள். அவர்களுக்குத் தெரிந்தது மட்டும் எனக்கும் தெரிந்திருந்தால் நானும் அப்படித்தான் நடந்திருப்பேன்.

ஒருவர் பாராசூட் சரியாக விரியாமல் இறந்துபோனார். மீதி எட்டுப் பேருக்கு இருந்தது அரைக் குப்பித் தண்ணீர். ஆளுக்கு ஒரு நாளைக்கு ஒரு மூடி என்று துணை விமானி டோனர் நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். இருமல் மருந்து ஊற்றிக் குடிக்கிற மூடி அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். அதை வைத்துக்கொண்டு 130 கிலோமீட்டர் நடந்திருக்கிறார்கள். அங்கே ஐந்து பேரால் முடியாமல் போயிற்று. மூன்று பேர் உதவி தேடி மேலும் போனார்கள். அவர்களில் ரிப்ஸ்லிங்கர் மணற்குன்றுகளுக்குள் இன்னும் 40 கிலோமீட்டர் போயிருக்கிறார்.

பாராசூட் துணியைக் கிழித்து அம்புக்குறி போல மணலில் விரித்து, காற்றில் பறக்காமலிருக்கக் கல்லும் வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள், தேடி வருபவர்களுக்காக. அதே நாட்களில் தேடும் விமானங்கள் மத்தியதரைக் கடல்மேல் சுற்றிக்கொண்டிருந்தன. எனக்கு இன்றும் தாங்க முடியாதது இதுதான்.

1958இல் எண்ணெய் தேடிப் போன ஒரு குழுவின் கண்ணில் விமானம் பட்டது. அதன் இயந்திரத் துப்பாக்கி இன்னும் சுட்டது, ரேடியோவும் வேலை செய்தது. உடல்கள் 1960இல்தான் கிடைத்தன. மூர் என்ற வீரர் மட்டும் கிடைத்ததாக அதிகாரபூர்வப் பதிவு இல்லை.

நீங்கள் கேட்ட வழிகாட்டியின் பெயர் ஹேஸ். ஐவரோடு ஐவராக அவர் உடலும் டோனரின் உடலுக்கு அருகே கிடைத்தது. கண் மங்கியதையும், வலியையும், பிரார்த்தனையையும், சாக விரும்பியதையும் டோனர் அந்தச் சிறு நாட்குறிப்பில் எழுதியிருக்கிறார். ஹேஸைக் குறை சொல்லி ஒரு வரி இல்லை. ஏப்ரல் 12, திங்கட்கிழமை எழுதியதோடு அது நிற்கிறது: இன்னும் உதவி வரவில்லை, இரவில் கடும் குளிர்.