ஆறு வேறு, ஏரி வேறு

கேள்வி: சோவியத் துடுப்புப் படகு வீரர் வியாசெஸ்லாவ் இவானோவ், 1956 மெல்போர்ன் ஒலிம்பிக்கில் வாங்கிய தங்கப் பதக்கத்தை ஏரியில் தொலைத்துவிட்டாராமே? அவர் வாழ்க்கை நமக்குச் சொல்லும் பாடம் என்ன?
- வாசகர், சேலம்

பதில்: பாடமா? யாராவது மெடல் கொடுத்தால் சட்டைப் பையில் போட்டுப் பொத்தானை மாட்டிக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். எந்த மனுஷனைப் பற்றிக் கேட்டாலும் வாலில் ஒரு பாடத்தைக் கட்டி அனுப்புகிறவர்களோடு எனக்கு ரொம்ப நாள் சண்டை. 'பழமொழியால் பத்துப் பைசா பிரயோஜனமில்லை' என்று ஒரு தடவை எழுதி, மூட்டை மூட்டையாகத் திட்டு வாங்கியவன் நான். இவானோவுக்காக அதை வாபஸ் வாங்கலாம். 'ஆற்றில் போட்டாலும் அளந்து போடு' என்பது மாஸ்கோ வரை போய்ச் சேரவில்லை. சேர்ந்திருந்தாலும் அது ஆறு, இது ஏரி.

ஆஸ்திரேலியாவின் பல்லாரட் ஊர், வென்டூரி ஏரி. பையனுக்கு வயது 18. ஜெயித்த குஷியில் பதக்கத்தை மேலே தூக்கிப் போட்டார். வந்தது, கைக்கு அல்ல, தண்ணீருக்கு. குதித்து முங்கித் தேடியும் கிடைக்கவில்லை. அப்புறம் ஒலிம்பிக் கமிட்டி வேறொன்று கொடுத்தது. அதுவரை கோடை ஒலிம்பிக்கில் பதக்கத்தைக் கையில்தான் கொடுப்பார்கள். 1960இல், ரோமில்தான் சங்கிலியில் கோத்துக் கழுத்தில் மாட்ட ஆரம்பித்தார்கள். இவானோவுக்குப் பயந்துதான் என்று யாரும் எழுதி வைக்கவில்லை. நான் அப்படித்தான் நம்புவேன். ரோமிலும் தங்கம் அவருக்கே.

இந்தப் படகில் போகிற திசைக்கு முதுகைக் காட்டித்தான் உட்கார வேண்டும். முந்துகிறவருக்கு மற்றவர்கள் படும் பாடெல்லாம் கண்ணெதிரே தெரியும். பின்தங்கியவருக்குத் திரும்பிப் பார்த்தால்தான் உண்டு. 1964 டோக்கியோவில் ஜெர்மனியின் அகிம் ஹில் முன்னால் போய்விட்டார். துரத்திய இவானோவுக்குக் கடைசிக் கட்டத்தில் கண் இருட்டி, நினைவே தப்பியது. தெளிந்ததும் விட்ட இடத்திலிருந்து வலித்து ஜெயித்தார். ஒற்றையர் படகில் தொடர்ந்து மூன்றாவது தங்கம்!

அதெல்லாம் சரி. 1956இல் இவரிடம் தோற்று வெள்ளி வாங்கிய ஸ்டூவர்ட் மக்கென்சியைப் பற்றி ஏன் ஒருவரும் கேட்பதில்லை? ஆஸ்திரேலியாக்காரர். இங்கிலாந்தின் ஹென்லி போட்டியில் 1957 முதல் 1962 வரை டைமண்ட் கோப்பையை வேறு யாரையும் தொட விடாதவர். அவர் பார்த்த வேலை, முட்டையிலிருந்து வெளிவந்த கோழிக்குஞ்சைப் புரட்டிப் பார்த்து, இது சேவல், இது பெட்டை என்று பிரித்துப் போடுவது! இதைப் பற்றிக் கேளுங்கள், ஒரு முழுப் பக்கம் ஒதுக்குகிறேன். பாடம் மட்டும் கேட்காதீர்கள்.