பித்தளைக் கொதிகலனுக்கு மறுவண்ணம்: கேள்வி பதில்

கேள்வி: நீராவியால் ஓடும் பொம்மை ரயில் எஞ்சினின் பித்தளைக் கொதிகலனுக்கு, 600 டிகிரி தாங்கும் பைக் சைலன்சர் பெயின்டை அடிக்கலாமா?

பதில்: வேண்டாம். அந்த 600 டிகிரி, பெயின்ட் முழுமையாக இறுகிய பிறகு தாங்கும் வெப்பம். அவ்வாறு இறுகுவதற்கே இவ்வகைப் பெயின்டுகள் பலவற்றுக்கு 200 டிகிரி செல்சியஸை ஒட்டிய சூடு தேவைப்படுகிறது. பழைய பொம்மைக் கொதிகலன்கள் பலவற்றின் மூட்டுகள் வெள்ளீயமும் காரீயமும் கலந்த பற்றாசால் (சால்டர்) ஒட்டப்பட்டவை. 63க்கு 37 என்ற விகிதத்தில் கலந்த பற்றாசு 183 டிகிரியிலேயே உருகிவிடும் என்பதால், பெயின்ட் இறுகுவதற்குள் மூட்டு விட்டுப்போகும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை, ஒன்றரை பார் அழுத்தத்திலும் நீராவியின் வெப்பம் 130 டிகிரியைத் தாண்டாது. ஆகவே 150 டிகிரி தாங்கும் எஞ்சின் எனாமலே போதுமானது.

கேள்வி: பழைய பெயின்டை நீக்க வினிகரில் ஊறவைத்தேன். பித்தளை இளஞ்சிவப்பாகிவிட்டது. கெட்டுவிட்டதா?

பதில்: இல்லை. அமிலம் மேற்பரப்பின் துத்தநாகத்தைக் கரைத்ததால் செம்பின் நிறம் தெரிகிறது. 600ஆம் எண் வாட்டர் பேப்பரால் மெல்லத் தேய்த்தால் மஞ்சள் நிறம் திரும்பிவிடும். இரவு முழுதும் ஊறவிடாதீர்கள்; பெயின்டை நீக்க அதற்கென்றே விற்கும் ரிமூவர்தான் சரி.

கேள்வி: அம்மோனியா கலந்த பாலிஷால் துடைக்கலாமா?

பதில்: கூடாது. பிரிட்டிஷ் இந்தியாவில், மழைக்காலத்தில் குதிரை லாயங்களில் வைத்திருந்த பித்தளைத் தோட்டா உறைகள் தாமாகவே வெடிப்பு விட்டன. குதிரை மூத்திரத்திலிருந்து எழுந்த அம்மோனியாவே காரணம் என்று 1921இல் விளக்கப்பட்டது. வளைத்து உருவாக்கிய பித்தளைத் தகட்டில் இழுவிசை தங்கியிருக்கும்; அதோடு அம்மோனியாவும் சேர்ந்தால் வெடிப்பு விடலாம். அழுத்தம் தாங்க வேண்டிய கலனில் அந்த ஆபத்தை ஏன் விலைக்கு வாங்க வேண்டும்? அசிட்டோனால் துடைத்து, அதன்பின் வெறுங்கையால் தொடாமல் இருந்தாலே போதும்.

கேள்வி: பிரைமராக ரெட் ஆக்சைடு போதுமா?

பதில்: அது இரும்புக்கு உரியது, பித்தளையில் நாளடைவில் உரிந்துவிடும். பாஸ்போரிக் அமிலம் கலந்த எட்ச் பிரைமரை, அடியிலுள்ள பித்தளை மங்கலாகத் தெரியும் அளவுக்கு மெல்லியதாக அடியுங்கள். தடித்த பூச்சு இங்கே பலமன்று, பலவீனம்.

கேள்வி: தீ படும் அடிப்பகுதிக்கும் அடிக்கவா?

பதில்: விட்டுவிடுங்கள், கருகத்தான் போகிறது.

கேள்வி: அழுத்தச் சோதனையை எப்போது செய்வது?

பதில்: பெயின்ட் அடிப்பதற்கு முன்பே. கலன் நிறையக் குளிர்ந்த நீரை நிரப்பி, காற்றை முழுதும் வெளியேற்றிவிட்டு, அனுபவமுள்ளவரின் மேற்பார்வையில் கைப்பம்பால் அழுத்தம் ஏற்றுங்கள். மூட்டில் கசிவு தெரிந்தால் மறுபடி பற்றவைக்க வேண்டியிருக்கும், அந்தச் சூட்டில் எந்தப் புதுப் பெயின்டும் தப்பாது.