நெறி வற்றியது எப்படி?

அன்புள்ள சார்,

என் மகளுக்குத் தொண்டை வலியோடு காய்ச்சல் வந்தபோது கழுத்தில் நெறி கட்டியது. தொட்டால் புளியங்கொட்டை அளவுக்குத் தட்டுப்பட்டது. இரண்டு வாரத்தில் வற்றிவிட்டது. கிருமி வந்தால் அதை எதிர்க்கும் டி செல்கள் என்ற வெள்ளை அணுக்கள் நெறிக்குள் பல்லாயிரமாகப் பெருகும் என்று எழுதியிருந்தீர்கள். பெருகியவை பிறகு எங்கே போகின்றன? களைத்துப்போய்ச் சாகின்றனவா?

ஆர்.

அன்புள்ள ஆர்,

களைப்பினால் இல்லை. சில செல்கள் நெறியை விட்டு வெளியேறி உடம்பெங்கும் போகின்றன. ஆனால் பெருகியவற்றில் 100க்கு 90க்கு மேல் சில வாரங்களில் செத்துப்போகின்றன. ‘உயிரோடு இரு’ என்று அவற்றுக்கு வந்துகொண்டிருந்த செய்தி நின்றுபோவது அதற்கு ஒரு முக்கியக் காரணம். அந்தச் செய்தியைத்தான் வளர்ச்சிக் காரணி என்கிறோம். டி செல்லுக்கு இன்டர்லூக்கின்-2 அப்படி ஒன்று.

வளரச் சொல்வது அதன் பாதி வேலைதான். மீதியைக் காட்டியது 1988இல் மெல்பர்னில் நடந்த ஒரு சோதனை. டேவிட் வாக்ஸ் அப்போது ஆராய்ச்சி மாணவர். சூசன் கோரி, ஜெரி ஆடம்ஸ் இருவரோடும் சேர்ந்து, இன்டர்லூக்கின்-3 என்ற இன்னொரு காரணி இல்லாவிட்டால் செத்துவிடும் எலிச் செல்களை எடுத்து, பிசிஎல்-2 என்ற மரபணுவை உள்ளே புகுத்தினார். பிறகு காரணியை நிறுத்தினார்கள். செல்கள் சாகவில்லை. பெருகவும் இல்லை. சும்மா உயிரோடு இருந்தன. அந்தச் ‘சும்மா’வை நினைத்தால் இன்றும் எனக்குச் சிலிர்க்கிறது. பிழைப்பது வேறு, பெருகுவது வேறு என்று அந்தச் சோதனைத் தட்டில்தான் தெரிந்தது.

செல்லைக் கொல்லும் ஆள் வெளியிலிருந்து வர வேண்டியதில்லை. பிம் என்ற புரதம் உள்ளேயே இருக்கிறது. பிசிஎல்-2 மரபணு உண்டாக்கும் புரதம் அதைப் பிடித்து வைத்திருக்கிறது. காரணி குறைந்தால் பிம் கூடும், பிடி தளரும். செல்லுக்குச் சக்தி தரும் மைட்டோகாண்ட்ரியாவின் வெளிச்சவ்வில் ஓட்டை விழும். அதன்பின் செல் தன்னைத்தானே துண்டு துண்டாக்கிக்கொள்ளும். அந்தத் துண்டுகளை மேக்ரோஃபேஜ்கள் என்ற துப்புரவுச் செல்கள் விழுங்கிவிடும். சீழோ வீக்கமோ வராது.

இந்தச் சாவு நடக்காமல் போனால் ஆபத்து. பிசிஎல்-2 முதலில் கண்டுபிடிக்கப்பட்டதே ஒருவகை நிணநீர்ப் புற்றுநோயில்தான். அங்கே 14ஆம், 18ஆம் குரோமோசோம்கள் துண்டு மாற்றிக்கொண்டதால் அந்த மரபணு ஓயாமல் வேலை செய்கிறது. சாக வேண்டிய செல்கள் தங்கிவிடுகின்றன. பிசிஎல்-2வையே முடக்கும் வெனிடோகிளாக்ஸ் மருந்துக்கு 2016இல் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது.

உங்கள் மகளின் செல்கள் எல்லாமே போய்விடவில்லை. இன்டர்லூக்கின்-7, 15 இரண்டின் தயவில் ஒரு சிறு கூட்டம் நினைவுச் செல்களாக மிஞ்சியிருக்கும். அதே கிருமி மறுபடி வந்தால் அவை முந்திக்கொள்ளும்.

ஒன்று மட்டும். எப்போதாவது நெறி மூன்று நான்கு வாரமாகியும் வற்றாமலிருந்தாலோ, பெரிதாகிக்கொண்டே போனாலோ, டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.