சிரசு அன்றைக்கு வீட்டில் யார் இருப்பது?

அன்புள்ள அண்ணா,

எனக்கு வயது 24. குடியாத்தம் பக்கத்தில் ஒரு கிராமம். பெங்களூரில் வேலைக்குச் சேர்ந்து மூன்று வருடம் ஆகிறது. சின்ன வயதில், கெங்கையம்மன் தலையை ஊர்வலமாக எடுத்து வரும் சிரசுத் திருவிழா வருகிறது என்றால் பத்து நாளைக்கு முன்பிருந்தே எனக்குத் தூக்கம் வராது. இப்போது லீவு போட்டு வந்தும் மனசு ஒட்டவில்லை. ராட்டினம் ஏறும் வயசு தாண்டிவிட்டது. விழாக் குழுவில் பெரியவர்கள் பேசும் இடத்தில் போய் நிற்கவும் கூச்சம். வீட்டுக்கு வரும் அத்தை, பெரியம்மா எல்லோரும் சம்பளம் எவ்வளவு, கல்யாணம் எப்போது என்று இரண்டே கேள்விதான் கேட்கிறார்கள். பாரதக் கூத்துக்குப் போனால் பதினொரு மணிக்கே கண்ணைச் சுற்றுகிறது, கொஞ்ச நேரம் போனை நோண்டிவிட்டுத் திரும்பிவிடுகிறேன். இந்த வைகாசியில் அக்கா பையனுக்குக் காது குத்து வேறு. தாய்மாமன் நான்தான். சீர் செலவை நினைத்தால் இருக்கிற சந்தோஷமும் போய்விடுகிறது. நீங்கள் எங்கள் ஊர்ப்பக்கம் என்பதால் கேட்கிறேன். இந்த வயதில் திருவிழாவை எப்படி அனுபவிப்பது?

(பெயரைப் போட வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தம்பி,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். அத்தை இருக்கிறார், பெரியம்மா இருக்கிறார், அக்கா இருக்கிறார், அக்கா பையன் இருக்கிறான். அம்மாவைத்தான் காணவில்லை. சிரசு அன்றைக்கு அவர் எங்கே இருப்பார் என்று எனக்குத் தெரியும். அடுப்படியில் இருப்பார்.

என் அம்மாவும் அங்கேதான் இருந்தார். எங்கள் வீடு குடியாத்தத்தில் நெசவாளர் தெரு ஒன்றில். வருஷம் முழுக்கத் தறிச் சத்தம் கேட்கிற தெரு, வைகாசி 1 அன்று மட்டும் அடங்கியிருக்கும். கோபாலபுரம் கெங்கையம்மன் கோயிலுக்கு நடந்தே போய்விடலாம். பேரணாம்பட்டு, ஆம்பூர், சித்தூர் என்று எல்லாப் பக்கமிருந்தும் உறவுக்காரர்கள் வருவார்கள். வந்தவர்களுக்குக் கூழ், அப்புறம் சாப்பாடு, அப்புறம் காபி. தரணம்பேட்டை முத்தியாலம்மன் கோயிலிலிருந்து விடியற்காலையில் சிரசு கிளம்பும். பம்பைச் சத்தத்தையும் தெருவில் தேங்காய் உடைகிற சத்தத்தையும் வைத்தே, "இப்ப இந்தத் தெருவைத் தாண்டிடுச்சு" என்று அம்மா உள்ளே இருந்தபடி சொல்லுவார். அவர் சிரசு பார்த்ததெல்லாம் அப்படித்தான்.

அப்போது எனக்கு 23 வயது. வேலைக்குப் போய் முதல் வருஷம். முந்தின நாள் ராத்திரி எங்கள் ஆயா, வெற்றிலை இடித்துக்கொண்டே, "உங்கம்மா இந்த வூட்டுக்கு வந்து ஒரு தடவைகூட அம்மனைக் கண்ணால பாத்ததில்லடா" என்றார். அத்தனை வருஷம் அதே வீட்டில் இருந்தும் எனக்கு அது தோன்றவே இல்லை. நாளைக்கு நான் வீட்டைப் பார்த்துக்கொள்கிறேன் என்றேன். யாரும் நம்பவில்லை. அம்மா மட்டும் சிரிக்காமல், "அப்படின்னா வா, கூழ் காய்ச்சக் கத்துக்கோ" என்றார்.

கேழ்வரகு மாவைக் கரைத்து ஏற்கெனவே புளிக்க வைத்திருந்தார். பெரிய பானையில் நொய்யை வேகவிட்டு, அது குழைந்து வரும்போது மாவுக் கரைசலைக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றித் துடுப்பால் கிளற வேண்டும். கை நின்றால் கட்டி தட்டிவிடும். நிறம் மாறி, பளபளப்பு வந்து, குமிழ் பெரிதாக வெடிக்கும். அப்போது தண்ணீரில் நனைத்த விரலால் தொட்டுப் பார்க்கச் சொன்னார். ஒட்டவில்லை. "இறக்கு" என்றார். கை எரிந்தது, தோள் விட்டுப்போனது. காலையில் ஆறிய கூழில் மோரும் உப்பும் விட்டுக் கரைத்து, சின்ன வெங்காயம் நறுக்கி, முருங்கைக்கீரைப் பொரியலோடு நான் வாசலில் உட்கார்ந்தேன். ஐந்து மணிக்கே அம்மாவும் சித்தியும் கிளம்பிவிட்டார்கள்.

அன்றைக்கு நான் சிரசு பார்க்கவில்லை. எத்தனை சொம்பு கூழ் ஊற்றினேன் என்று கணக்கும் இல்லை. தெருவில் போகிறவர்கள்கூட வந்து குடித்துவிட்டுப் போனார்கள். பெயர் தெரியாத ஒரு தாத்தா இரண்டாவது சொம்பு வாங்கிக் குடித்துவிட்டு என் தலையில் கை வைத்தார். மதியத்துக்கு மேல் அம்மா வந்தார். ஒரு காலில் செருப்பு இல்லை, கூட்டத்தில் போய்விட்டது. புடவை ஓரம் தேங்காய்த் தண்ணீரில் நனைந்து மண் அப்பியிருந்தது. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் சொன்னார்: "கண்ணு எவ்ளோ பெருசுடா!"

சின்ன வயதில் வந்த அந்தப் பழைய சந்தோஷம் எனக்குத் திரும்பி வந்தது அந்த நிமிஷத்தில்தான். தம்பி, இதுவரைக்கும் திருவிழாவை யாரோ உங்களுக்காக நடத்திக் கொடுத்தார்கள். உங்களுக்கு ராட்டினத்துக்குக் காசு கிடைத்தது, அவர்கள் வீட்டில் இருந்தார்கள். உங்கள் வயது மாறிவிட்டது, நீங்கள் நிற்கிற இடம் இன்னும் மாறவில்லை. மனசு ஒட்டாததற்கு எனக்குத் தெரிந்த காரணம் இதுதான்.

சிரசுக் கதையையும் நினைத்துப் பாருங்கள். ஜமதக்னி சொல்லி, பரசுராமன் ரேணுகாதேவியின் தலையை வெட்டுகிறான். சொன்னதைச் செய்ததற்கு என்ன வரம் வேண்டும் என்று அப்பா கேட்டதும், அம்மா திரும்ப வேண்டும் என்கிறான். ஓடிப்போய்ப் பொருத்தும் அவசரத்தில், அவளோடு வெட்டுப்பட்ட வேறொரு பெண்ணின் உடலில் தலையை வைத்துவிடுகிறான். அந்தத் தலைதான் நம் தெருக்களில் ஊர்வலமாக வந்து கெங்கையம்மன் கோயிலில் உடலோடு சேர்கிறது. மகன் அம்மாவைத் திரும்பக் கேட்ட கதைக்கு ஊரே கூடுகிறது. அதே நேரம் நம் அம்மாக்கள் அடுப்படியில் இருப்பது எனக்கு இன்னமும் வலிக்கிறது.

விழாக் குழு பற்றி எழுதியிருந்தீர்கள். அங்கே போய்ப் பேச வேண்டாம், வேலை கேளுங்கள். வைகாசி 1 என்பது மே மாத நடுவில் வருகிறது. மே 4 தொடங்கி 28 வரை கத்திரி, அதற்கு நட்ட நடுவில் நம் திருவிழா. வேலூர் ஜில்லா வெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வழியெல்லாம் நீர்மோர்ப் பந்தல் போட்டிருப்பார்கள், எந்தப் பந்தலிலும் ஆள் போதாது. குடத்தைத் தூக்க வருகிறேன் என்று சொன்னால் யாரும் உங்களிடம் சம்பளம் கேட்க மாட்டார்கள்.

அத்தை, பெரியம்மா கேள்விகளைக் கண்டு ஒதுங்காதீர்கள். மூன்று வருஷமாக நீங்கள் வேறு ஊரில் இருக்கிறீர்கள். உங்களிடம் பேச்சை ஆரம்பிக்க அவர்களுக்கு வேறு வழி தெரியவில்லை. ஒரு வரியில் பதில் சொல்லிவிட்டு, நீங்கள் ஒன்று கேளுங்கள். கல்யாணத்துக்கு முன்னால் சிரசுக்கு யாரோடு வருவீர்கள் அத்தை, அப்போது ஊர் எப்படி இருந்தது என்று கேட்டுப் பாருங்கள். ஒரு மணி நேரம் போவதே தெரியாது.

பாரதக் கூத்துக்கு நீங்கள் போகிற நேரம் சரியில்லை. ராத்திரி பத்து மணிக்கு, கூத்தைத் தொடங்கி வைக்கும் கட்டியக்காரன் வரும்போதே போய் உட்கார்ந்தால் பகலெல்லாம் அலைந்த உடம்பு தூங்கத்தான் செய்யும். சாப்பிட்டுவிட்டுப் படுங்கள், மூன்று மணிக்கு எழுந்து போங்கள். அந்த நேரத்துக் கூத்தே வேறு. முகவீணை என்கிற சின்ன ஊதுகுழலின் சத்தம் தூரத்திலேயே கேட்கும். வேஷக்காரர்களின் முகத்தில் அரிதாரம் வியர்வையில் கலைந்திருக்கும், குரல் கட்டியிருக்கும், ஆனாலும் அடவு குறையாது. புரிசை கண்ணப்ப தம்பிரான் போன்ற பெரிய வாத்தியார்கள் இருந்த மண் நம் பழைய வட ஆற்காடு.

கடைசி நாள் படுகளத்தைத் தவறவிடாதீர்கள், அது பகலில்தான் நடக்கும். துரியோதனனைக் களிமண்ணில் ஆளுயரத்துக்குப் பல மடங்கு நீளமாக, மல்லாக்கப் படுத்தபடி செய்து வைத்திருப்பார்கள். முந்தின நாளே போனால் மண் மிதிக்க உங்களையும் சேர்த்துக்கொள்வார்கள். பீமன் தொடையில் அடித்ததும் சிவப்புத் தண்ணீர் பீறிடும். திரௌபதி அதைத் தொட்டுக் கூந்தலை முடிவாள். கூட்டத்தில் பெண்கள் அழுவார்கள். நான் ஒவ்வொரு வருஷமும் அழுகிறேன். சாயங்காலம் தீமிதி.

சும்மா வேடிக்கை பார்க்கவும் ஒரு நாள் வேண்டாமா? இருக்கிறது. சித்ரா பௌர்ணமி ராத்திரி வேலூரில் பல கோயில்களிலிருந்து புஷ்பப் பல்லக்குகள் வரும். நண்பர்களோடு போங்கள், விடிய விடியச் சுற்றுங்கள், பூ வாசனையிலேயே பசி மறந்துவிடும்.

இனி காது குத்து. கடன் வாங்கிச் சீர் செய்யாதீர்கள். கையில் எவ்வளவு இருக்கிறது என்பதை அக்காவிடம் இப்போதே, வெட்கப்படாமல் சொல்லிவிடுங்கள். தம்பி கஷ்டப்பட வேண்டும் என்று எந்த அக்காவும் நினைப்பதில்லை. தட்டு எண்ணிக்கையை எண்ணுகிற சனம் சாப்பிட்ட கையைக் கழுவியதும் மறந்துவிடும். குழந்தைக்கு வேண்டியது புதுத்துணி, சின்னதாக ஒரு ஜோடித் தோடு, உங்கள் மடி. மொட்டை போட்டுச் சந்தனம் பூசிய தலை உங்கள் நெஞ்சில் சாய்ந்திருக்கும். ஆசாரி கம்பியை எடுத்ததும் இரண்டு உள்ளங்கையாலும் அந்தத் தலையை அசையாமல் பிடித்துக்கொள்ளச் சொல்வார்கள். சந்தனம் வழுக்கும், பையன் வீறிடுவான். குத்தி முடித்ததும் அம்மாவிடம்கூடப் போகாமல் உங்கள் சட்டையைத்தான் இறுக்கிப் பிடித்துக்கொள்வான். என் அக்கா மகளுக்கு இன்று கல்யாண வயது. அன்று என் சட்டையில் ஒட்டிய சந்தனக் கறையைப் பற்றி அவளிடம் இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

ஒரு விஷயம் விட்டுப்போகிறது. சிரசு அன்று காலையில் உங்கள் ஊரிலிருந்து வருகிற பஸ்ஸில் கால் வைக்க இடம் இருக்காது. நீங்கள் வீட்டில் இருந்து கூழைப் பார்த்துக்கொள்வதாக இருந்தால், அம்மாவை முந்தின நாள் சாயங்காலமே எங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடுங்கள். என் அம்மாவுக்கு எழுபது தாண்டிவிட்டது. ஆனாலும் அந்த வருஷத்துக்கு அப்புறம் ஒரு சிரசையும் அவர் விட்டதில்லை. எந்தப் பக்கம் நின்றால் அம்மன் கண் நேராகத் தெரியும் என்று அவருக்குத் தெரியும். கூட்டிக்கொண்டு போவார்.

அன்புடன்,
அண்ணன்